உறை இல்லாத கத்தி

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி, பக்கத்திலேயே அரிவாள்மனை, கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து சந்தனம், குங்குமம் வைப்பீர்கள்தானே? அன்றைக்கு அவற்றைத் தொடக்கூடாதே என்று முந்தின நாளே காய் நறுக்கி வைத்துவிடும் சாமர்த்தியசாலிகளும் நம்மில் உண்டு! இதே வழிபாடு கடல் கடந்து பாலித் தீவிலும் நடக்கிறது.

அங்கே 210 நாட்களுக்கு ஒருமுறை சரஸ்வதிக்கு விழா, ஏடுகளுக்குப் பூஜை. சரியாக 14 நாட்கள் கழித்து, சனிக்கிழமையில், 'தும்பெக் லாண்டெப்'. லாண்டெப் என்றால் கூர்மை. அன்று உலோகக் கருவிகளுக்கெல்லாம் படையல். இப்போது காரும் மோட்டார் பைக்கும்கூடத் தென்னங்குருத்துத் தோரணத்துடன் வரிசையில் நிற்கின்றன. வணங்கப்படும் தெய்வத்தின் பெயர், 'சங் ஹியாங் பசுபதி'. ஆம்... அர்ஜுனனுக்குப் பாசுபதம் தந்தருளிய நம் சிவபெருமானேதான்!

அன்றைய பூஜையில் முக்கிய இடம் 'கெரிஸ்' என்ற குறுவாளுக்கு. நேராகவும் இருக்கும், பாம்பு போல நெளிந்தும் இருக்கும். நெளிவுகளின் எண்ணிக்கை மட்டும் எப்போதும் ஒற்றைப்படைதான்.

இதைச் செய்யும் கொல்லரை ஜாவாவில் 'எம்பு' என்பார்கள். உலையை மூட்டும் முன் அவர் நாள் பார்த்து, உபவாசம் இருந்து, படையலிட்டுப் பிரார்த்திப்பது மரபு. இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் சேர்த்துக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்து அடுக்கடுக்காக்குகிறார். பிரம்பனான் சிவாலயத்தின் அருகே விழுந்த விண்கல்லின் இரும்பும் இதற்குப் பயன்பட்டிருக்கிறது. நடுவில் எஃகுத் தகடு. கடைசியில் எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் தடவ, இரும்பு கறுத்து, நிக்கல் வெள்ளியாய் மின்ன, கோலம் போட்டது போல ஒரு வடிவம் எழுகிறது. அதன் பெயர் 'பமோர்'. அத்தனை அடிக்குள்ளும் மறைந்திருந்த அழகு அது!

கத்தி ஆயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. உறை செய்ய வேறொரு கைவினைஞர் இருக்கிறார். சந்தனம், தேக்கு, புள்ளி விழுந்த திமோஹோ ஆகிய மரங்களில், குறிப்பிட்ட அந்தக் கத்திக்கென்றே அளவு பார்த்துக் குடைவார். ஒன்றின் உறை மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. ஜாவாவில் மாப்பிள்ளை, கெரிஸை உறையோடு முதுகுப்புறம் செருகிக்கொண்டு, அதன் பிடியில் மல்லிகைச் சரம் தொங்க மணமேடைக்கு வருவார். மல்லிகை அங்கேயும் கல்யாணப் பூதான்!

உறைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அங்கே வழங்கும் ஒரு கதையைக் கேளுங்கள்.

1222-ல் சிங்கசாரி அரசை நிறுவியவன் கென் அரோக். அதற்கு முன்பு, எம்பு காந்த்ரிங் என்ற கொல்லரிடம் ஒரு கெரிஸ் செய்யச் சொன்னான். ஒரு வருடம் வேண்டும் என்றார் அவர். ஐந்தே மாதத்தில் கேட்டான் இவன். கெடு முடிந்து வந்து பார்த்தால் கத்தி தயார். அதன் வேகத்தை அடக்கும் உறைதான் ஆகவில்லை. பொறுக்க முடியாமல், அந்தக் கத்தியாலேயே அதைச் செய்தவரைக் குத்திவிட்டான். 'இது உன்னையும் கொல்லும். ஏழு அரசர்களைக் கொல்லும்' என்று சபித்துவிட்டு உயிர்விட்டார் அவர்.

அதே கத்தியால் துமாபெல் அதிபதியைக் கொன்று, அவர் மனைவி கென் தேதேஸை மணந்துகொண்டான் அரோக். அப்போது அவள் வயிற்றில் இருந்த பிள்ளை அனுசபதி. வளர்ந்த பிறகு, 'அப்பா ஏன் என்னை மட்டும் வேறு மாதிரிப் பார்க்கிறார்?' என்று தாயிடம் கேட்டான். உண்மையைச் சொன்னாள். கத்தியையும் கொடுத்தாள். அரோக் வீழ்ந்தான். பின்னாளில் அனுசபதியும் அதே கத்திக்கு இரையானான்.

ஐந்து மாதம் பொறுத்தவனால் இன்னும் கொஞ்சம் பொறுக்க முடியவில்லை, பாருங்கள்! நமக்கு மட்டும் என்ன... மாமியாரிடமோ மருமகளிடமோ உறை போடாமல் வீசிய ஒரு சொல், எத்தனை வருடம் கழித்து, யார் வாயிலிருந்து திரும்பி வந்தது என்று யோசித்தால் மனசு கனக்கிறது. கோபம் தவறில்லை. கண்ணகிக்கும் கோபம் வந்தது. அது தங்குவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

அந்த இடம் எது என்பதற்கும் ஜாவாக்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். கத்தி உறைக்குள் புகுவதும், உறை கத்திக்குள் புகுவதும், அடியவனும் ஆண்டவனும் கலப்பதற்கு அவர்கள் சொல்லும் உவமை. முதல் பாதி புரிகிறது. உறை எப்படிக் கத்திக்குள் புகும்? இதற்கு அவர்கள் பீமனைக் காட்டுகிறார்கள்.

நம் பீமசேனன்தான். ஜீவ தீர்த்தம் தேடி வரும்படி துரோணர் அனுப்ப, கடலுக்குள் இறங்குகிறான். பாம்போடு போராடி வென்ற பிறகு, தன்னைப் போலவே உருவமுள்ள, உள்ளங்கை அளவே ஆன தேவருசியைச் சந்திக்கிறான். 'என் இடது காது வழியே உள்ளே வா' என்கிறார் அவர். இந்த மலை போன்ற உடம்பு அங்கே எப்படி நுழையும் என்று திகைக்கிறான் பீமன். 'இந்த உலகமே எனக்குள் அடங்கும்போது உனக்கா இடமில்லை?' ஆலிலைக் குழந்தையின் வாய்க்குள் மார்க்கண்டேயர் புகுந்து அகிலத்தைக் கண்டாரே, அதே போல பீமனும் உள்ளே கடலையும் மலையையும் ஒளியையும் கண்டான். பசியில்லை, கோபமில்லை. 'இங்கேயே இருந்துவிடுகிறேன்' என்று கெஞ்சினான்.

தேவருசி சம்மதிக்கவில்லை. உனக்கு வெளியே கடமை இருக்கிறது, போ என்றார். தாயும் சகோதரர்களும் காத்திருந்த வீட்டுக்கு, பீமன் திரும்பி நடந்தான்.