கூலிக்குப் படைக்கலம் ஏந்துதல்

சைவ உபாத்தியாயர்களே!

வறுமையால் வருந்தும் பிள்ளையொருவன், மாதந் தவறாத சம்பளத்தை விரும்பிப் படையிற் சேர்தல் தருமமாமோ என்னும் வினா, கண்டியைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலே நம்மிடங் கேட்கப்படுகின்றது. 2009 ஆம் ஆண்டுவரை நடந்த உள்நாட்டு யுத்தத்தின் துயர் ஆறாத நம்மவர்க்கு இது பாரமான வினாவாம். 2022 ஆம் ஆண்டிலே தேசத்தின் பொருணிலை வீழ்ந்தபின், படையினின்று விலகிய இலங்கையர் பலர் பெருஞ் சம்பளத்தை நம்பி அந்நிய தேச யுத்தத்துக்குச் சென்றனர். உருசியப் படையிற் சேர்ந்த இலங்கையர் 554 பேரென்றும், அவருள் மாண்டவர் 59 பேரென்றும் 2025 ஆம் ஆண்டில் வெளிநாட்டமைச்சர் பாராளுமன்றத்திலே தெரிவித்தார்.

மிஷன் பாடசாலையிலே நாம் பயின்ற விவிலியம், போர்ச்சேவகர் பிறர்பொருளைப் பறியாது தம் சம்பளத்தோடு அமைதல் வேண்டுமென்று யோவான் போதித்ததைக் கூறும். அது சம்பளம் பெற்றபின் ஒழுகும் முறை. பெறுமுன் ஆராயவேண்டியது யாதெனின், அதனைப் பெரியபுராணத்திற் காண்க.

திருநீடூர் முனையடுவார் நாயனார் கூலிக்குப் போர் செய்தவரே. போரிலே தோற்றவர் வந்து பொருள் தருவதாகச் சொல்லின், அவ்வழக்கை நடுவுநிலைமையோடு ஆராய்ந்த பின்னரே கூலி கொண்டு பொருதார். பெற்ற பொன்னை அடியார்க்கு ஈந்தார். எயினனூர் ஏனாதிநாத நாயனாரோ வாட்பயிற்சி கற்பித்த ஆசிரியர்; நம்மைப் போல உபாத்தியாயர். பகைவனது நெற்றியிலே திருநீற்றைக் கண்டவுடன் அவர் போரை ஒழிந்தார். வாளை நெகிழவிடின், ஆயுதமில்லாதவரைக் கொன்ற பழி அவனைச் சாருமென்று, எதிர்ப்பவர் போல வாளேந்தியே நின்றார்.

ஆதலின் கூலி பெறுதல் தானே பாவமன்று. நடுவுநிலைமையையும், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துங் கையையும் கூலிக்கு விற்றலே பாவமென்க. இக்காலத்துச் சேவகனுக்கு இன்னாரோடு பொருவேன், இன்னாரோடு பொரேன் என்னுஞ் சுதந்தரம் இல்லையே எனின், அது மெய்யே. அதனாலன்றோ கையொப்பமிடுமுன்பே ஆராய்தல் வேண்டும்? யாருடைய போர், யாரைக் கொல்லும் போர், தான் மாண்டால் தாய்க்கு யார் துணை என்னும் மூன்றையும் அவன் வினவுக.

கண்டியிலுள்ள யுத்த மயானத்திலே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் இறந்த ஆங்கிலேயரும் இந்தியரும் கிழக்காபிரிக்கரும் இலங்கையரும் ஒருங்கே அடக்கஞ் செய்யப்பட்டிருக்கின்றனர். கையொப்பமிட எண்ணும் மாணாக்கனை அங்கே அழைத்துச் சென்று இவ்வினாக்களை அவனோடு பேசுக.

இவையெல்லாஞ் சொல்லியும், அவன் வீட்டில் அடுப்பெரியாதாயின் நம் போதனை வீணே. பசித்தவனுக்கு நீதி மாத்திரம் ஓதிப் போதல் சைவமன்று. அவனுக்கு வேறொரு தொழில் கற்பிக்க நமது பாடசாலையும் ஆலயமும் பொருளுதவுக. அவ்வாறு உதவாத நாம், சம்பளத்துக்காகப் போனானென்று அவனை இகழ்தற்கு யாதொரு உரிமையும் உடையோமல்லேம்.

சிவபெருமான் திருவருள் புரிக.