ஆணை யாருடையது, ஆற்றல் யாருடையது?

ஒரு செயல் நிகழும்போது அதைச் செய்தவராக ஆணையிட்டவரைச் சொல்வதா, ஆற்றலைக் கொடுத்தவரைச் சொல்வதா, இடையில் நின்று கையால் முடித்தவரைச் சொல்வதா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்டு வந்த பொருள். சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரித்து இதற்கு விடை சொல்லும்: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம், அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். இதனோடு பிரியாமல் வருவது சற்காரியவாதம், அதாவது இல்லாதது ஒருபோதும் தோன்றாது, காரணத்தில் உள்ளதே காரியமாக வெளிப்படும் என்னும் கொள்கை. இக்கொள்கையை மின்னணுவியலின் ஒரு சிறிய சர்க்யூட்டில் வைத்துச் சோதிக்கும்போது அதன் வலிமையும் எல்லையும் ஒருங்கே புலப்படுகின்றன.

காரைக்கால் மாவட்டத்துக் கடலோர ஊரான கிளிஞ்சல்மேட்டைப் போன்ற மீனவக் கிராமங்களில் கோயில் திருவிழா ஒலிபெருக்கி இல்லாமல் நடப்பதில்லை. அந்த ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கும் பெருக்கிகளில் பொதுப்பயன் கொண்டது ஆப்-ஆம்ப் எனப்படும் செயல்பாட்டுப் பெருக்கி. இரண்டு உள்ளீட்டு முனைகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டை அது பல்லாயிரம் மடங்கு பெருக்கும். 1968-இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட 741 என்னும் சில்லில் இம்மடங்கு ஏறத்தாழ 2 லட்சம். ஆயினும் அதன் வெளியீட்டிலிருந்து சுமார் 25 மில்லியாம்பியருக்கு மேல் மின்னோட்டம் வராது. 8 ஓம் ஒலிபெருக்கியில் ஒரு வாட் ஒலி எழ வேண்டுமானால் உச்சத்தில் 4 வோல்ட்டும் 500 மில்லியாம்பியரும் தேவை. அதே ஒலிபெருக்கியை நேரடியாக இணைத்தால் 741 கொடுப்பது 0.2 வோல்ட்டே. எதைச் செய்ய வேண்டும் என்ற துல்லியம் அதனிடம் உண்டு, செய்து முடிக்கும் வலு இல்லை.

ஆதலால் வடிவமைப்பவர் சில்லுக்குப் பின்னால் பி.டி.139, பி.டி.140 போன்ற இரண்டு டிரான்சிஸ்டர்களை வைக்கிறார். ஒன்று நேர்முகமாகவும் மற்றது எதிர்முகமாகவும் மின்னோட்டத்தைச் செலுத்தும். மின்னோட்டப் பெருக்கம் 50 மடங்கு எனக் கொண்டால், 500 மில்லியாம்பியருக்குச் சில்லு 10 மில்லியாம்பியர் கொடுத்தால் போதும். இங்கே ஒலிபெருக்கியை அசைக்கும் ஆற்றல் முழுதும் மின்வழங்கியிலிருந்தே வருகிறது. பெருக்கி எதையும் படைப்பதில்லை, முன்பே உள்ளதை உருவமாக்கித் திறந்துவிடுகிறது. சித்தாந்தி சொல்லும் முறைக்கு இது பெரிதும் பொருந்தும்: வழங்கியின் மின்னோட்டம் முதற்காரணம், டிரான்சிஸ்டர்கள் துணைக்காரணம், வழிநடத்தும் சில்லு நிமித்தம். காரைக்கால் அம்மையாரின் வரலாற்றில், கணவன் பரமதத்தன் கேட்க, அம்மையாராகிய புனிதவதியாரின் கையில் இறையருளால் வந்த மாங்கனியைப் பற்றியும் இதே கேள்வி எழும். கொடுத்தது அவர் கை, கனியோ அவருடையதன்று. கணவன் மீண்டும் ஒரு கனி கேட்டு வாங்கியபோது அக்கனி மறைந்துவிட்டது என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுவது, ஆற்றலின் உரிமை வழங்கியவரிடமே நின்றது என்பதையே காட்டுகிறது.

சர்க்யூட்டில் மிகுந்த சிந்தனை வேண்டும் இடம் வேறொன்று. டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் சுமார் 0.6 வோல்ட் வந்த பின்னரே விழிப்பதால், அலை நேரிலிருந்து எதிருக்கு மாறும் இடத்தில் 1.2 வோல்ட் அகலமுள்ள ஒரு மௌனம் விழுந்து ஒலி கரகரக்கிறது. இதைத் திருத்துவது, வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிக் கழிக்கும் எதிர்ப்பின்னூட்டம். 1927-இல் ஹரால்ட் பிளாக் கண்ட முறை இது. அந்தப் பின்னூட்டத்தைச் சில்லின் முனையிலிருந்து எடுத்தால் சில்லு தன் சொல்லை மட்டும் சரிபார்த்துக்கொண்டு, டிரான்சிஸ்டர்களின் பிழையைத் தன்னுடையதாகக் கொள்ளாது. ஒலிபெருக்கி முனையிலிருந்து எடுத்தாலோ ஏவலரின் பிழையும் ஏவியவரின் கணக்கில் சேர்ந்து திருத்தம் பெறுகிறது. தான் செய்ததோடு பிறரைக் கொண்டு செய்வித்ததும் வினையாகும் என்ற அறநூல் தீர்ப்பு இதே எல்லைக்கோட்டைத்தான் வரைகிறது. ஆயினும் திருத்தம் எப்போதும் பிழைக்குப் பின்னரே வரும்: 741 ஒரு மைக்ரோ வினாடிக்கு 0.5 வோல்ட் மட்டுமே நகர வல்லது, ஆகவே 1.2 வோல்ட்டைத் தாண்ட 2 மைக்ரோ வினாடிக்கு மேல் பிடிக்கும். வேகமான அலையில் அத்தாமதம் செவிக்குத் தெரியும். அதற்காகவே இரண்டு டயோடுகளால் டிரான்சிஸ்டர்களை முன்கூட்டியே அரைவிழிப்பில் நிறுத்துகின்றனர். அந்த டயோடுகள் டிரான்சிஸ்டரின் ஹீட் சிங்கையே தொட்டு நிற்க வேண்டும். விலகி நின்றால் டிரான்சிஸ்டர் சூடேற மின்னோட்டம் கூடி, கூடிய மின்னோட்டம் மேலும் சூடேற்றி, கருகுவதில் முடியும்.

கூட்டுவது, கழிப்பது, தொகையிடுவது என எந்தப் பணியையும் இந்தப் பெருக்கி செய்வது சுற்றியுள்ள மின்தடைகளும் மின்தேக்கிகளும் சொல்வதற்கேற்பவே. அவற்றை மாற்றினால் அதன் இயல்பும் மாறிவிடும். இதைக் கண்டு, உயிரின் இலக்கணமாகச் சித்தாந்தம் கூறும் சார்ந்ததன் வண்ணமாதலை, அதாவது சேர்ந்த பொருளின் தன்மையாகவே நிற்பதை, இதற்கு ஏற்றிச் சொல்லத் தோன்றும். அது பிழை. சிவஞானபோதத்தில் உயிர், சத்தும் அசத்தும் அல்லாமல் அவ்விரண்டையும் அறியும் சதசத்து. சேர்ந்ததன் வண்ணமாகும்போதும் அறியும் தன்மை அதைவிட்டு நீங்குவதில்லை. பெருக்கியோ வேறுபாட்டைக் குறைக்கிறதே ஒழிய வேறுபாடு உண்டென்று அறிவதில்லை, நல்ல ஒலிக்கும் கரகரப்புக்கும் அதனிடம் விருப்பு வெறுப்பு இல்லை. மாயையின் காரியமாகிய 24 ஆன்ம தத்துவங்களுள் புத்தியும் ஒன்று, அதுவும் சடமே என்று வகுத்த மரபு, தீர்மானிக்கும் கருவியையும் தீர்மானத்தை உடையவரையும் முன்பே பிரித்துவைத்துள்ளது. அந்தப் பிரிவின்படி பெருக்கிக்குரிய இடம் புத்தியின் வரிசையில்தான். உயிர் என்ற பெயரை அதற்குத் தருவதைச் சித்தாந்தம் ஏற்காது.