சொன்னபடியே சொல்லுதல்

பிறர் மொழிந்ததை வேறொரு மொழியில் எடுத்துரைப்பவர் எதற்குக் கடமைப்பட்டவர்? மொழிந்தவரின் சொல்லுக்கா, அவர் கருதிய பொருளுக்கா? இது மொழி பற்றிய வினா மட்டுமன்று. அறநெறி பற்றிய வினாவும் ஆகும்.

இஸ்பானிய மறைநூல் அறிஞர்கள் திருநூல் ஆசிரியரைக் குறிக்க ‘அஹியோகிராஃபோ’ என்னும் சொல்லை இயல்பாக ஆளுகின்றனர். ‘தூய’, ‘எழுதுதல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களில் பிறந்தது அது. அதே வேரில் கிளைத்த ‘ஹேகியோகிராஃபர்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ பெரும்பாலும் புனிதர் வரலாறு எழுதுபவரையே குறிக்கிறது. குறையை மறைத்து நிறையை மட்டும் பாடும் புகழுரையாளரையும் சுட்டுகிறது. ஒலியொப்புமை கண்டு அதனையே எடுத்தாண்டால், உண்மை உரைத்தவரை முகமன் கூறுபவராக்கிவிடுவோம்.

திருநூல் ஆசிரியர்கள் அத்தகையோர் அல்லர். தாவீது உரியாவின் மனைவியைக் கவர்ந்ததையும், உரியாவைக் கொல்வித்ததையும் சாமுவேல் இரண்டாம் நூலின் 11-ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. திருத்தூதருள் முதல்வரான பேதுரு ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் கூறுகின்றன.

அவ்வாறாயின், ‘விவிலிய எழுத்தாளர்’ எனப் பொதுவாகப் பெயர்த்தால் போதாதா? போதாது. அதில் இறை ஏவுதல் என்னும் கருத்து நழுவிவிடுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டின் இலத்தீன் மூலமும் ‘ஹாகியோகிராஃபி’ என்றே கூறுகிறது. ஆங்கிலத்தில் அது ‘சேக்ரட் ரைட்டர்ஸ்’ எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. கடவுளே திருநூலின் ஆசிரியர். ஆயினும் தம் ஆற்றல்களைக் கொண்டு எழுதிய மனிதரும் மெய்யான ஆசிரியரே என்பது அவ்வேட்டின் போதனை. முதற்சொல் இறைவனின் செயலையும், அடுத்த சொல் மனித உழைப்பையும் தாங்குவதால் இப்பெயர்ப்பே பொருத்தமானது.

மூலச் சொல்லை மாற்றுவது துரோகம் அன்றோ என்பர் சிலர். திருநூல் நீங்கலாகப் பிற கிரேக்க நூல்களைச் சொல்லுக்குச் சொல்லாக அன்றி, பொருளுக்குப் பொருளாகவே பெயர்த்ததாகப் புனித எரோணிமுஸ் பம்மாக்கியுவுக்கு எழுதிய மடலில் ஒளியாது உரைத்தார். அறிஞரின் ஆய்வுரைக்கு அந்நெறியே தகும்.

நம் இல்லங்களிலும் நாள்தோறும் மொழிபெயர்ப்பு நிகழ்கிறது. ஒருவர் வருத்தத்தில் கூறியதை மற்றவரிடம் கொண்டுசென்று, ‘அவர் சொன்னதைத்தானே சொன்னேன்’ என்கிறோம். சொல் மாறவில்லை; வருத்தம் மட்டும் வழியில் வன்மமாக மாறிவிட்டது. பொய்ச்சான்று கூறப் பொய்யான சொற்கள் தேவையில்லை. மெய்யான சொல்லும், சொன்னவரின் கருத்தை விட்டுப் பிரிந்தால், பொய்ச்சான்றே ஆகும்.