முதற்பல் யாருடையது?

பல் மருத்துவம் பயிலும் மாணவர் முதன்முதலாகப் பிடுங்கும் பல் யாருடையது? இவ்வினாவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நூலறிவு மட்டும் கைத்திறனைத் தந்துவிடாது. மரத்துப்போகும் ஊசியை எவ்விடத்தில் எவ்வளவு ஆழம் செலுத்துவது, குறட்டை எவ்வளவு அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்பனவற்றைக் கை பழகித்தான் அறியவேண்டும். பிழைத்தால் கீழ்த்தாடையினுள் ஓடும் நரம்பு ஊறுபட்டு, உதடு நெடுநாள் மரத்துக் கிடக்கவும் கூடும்.

பயிலும் கை எவரையேனும் தொட்டே தீரவேண்டும். அந்த எவரோ பெரும்பாலும் ஏழையே. வசதியுள்ளோர் கைதேர்ந்தவரை நாடுகின்றனர். குறைந்த செலவில் வலி தீர வேண்டுவோர் கல்லூரி மருத்துவமனைக்கு வருகின்றனர். 1920-இல் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அந்நாள் தொட்டு நம் நாட்டில் வளர்ந்த திறமையில் பெயரறியா நோயாளிகளின் பொறுமையும் கலந்திருக்கிறது அன்றோ?

அப்பொறுமை ஓர் அமானிதம். அதனைக் காப்பது எவ்வாறு?

பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் புகழுற்ற அஸ்ஸஹ்ராவி, வலி நோயாளியை ஏமாற்றி நல்ல பல்லையே நோயுற்றதாகக் காட்டச் செய்யும் என்று எச்சரித்தார்; நோயுற்ற பல்லை உறுதி செய்த பின்னரே கை வைக்கச் சொன்னார். 1894-இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்னும் பல் மருத்துவர், மாணவர் பழகுவதற்கெனச் செயற்கைத் தலையொன்றை அமைத்தார். அதில் பலமுறை பழகாத கை மனித வாய்க்குள் நுழைதல் முறையன்று. ஆயினும் செயற்கைத் தலை குருதி சிந்தாது, அஞ்சி நடுங்காது. ஆகவே, இடர் நேர்ந்தால் உடனே பொறுப்பேற்கும் ஆசிரியர் அருகில் நிற்கவேண்டும்.

அனைத்திற்கும் மேலாக, "இவர் மாணவர், சம்மதமா?" என்று நோயாளியிடம் கேட்கவேண்டும். மறுத்தாலும் சிகிச்சை கிடைக்கும் என்ற உறுதி இல்லாவிடில், அவர் தலையசைப்பது சம்மதம் ஆகுமா? வேறு வழியின்மையே அங்குத் தலையசைக்கிறது.

தேர்வுக்கு முன் இத்தனை பற்கள் பிடுங்கியிருக்கவேண்டும் என எண்ணிக்கை வகுப்பதும் உண்டு. பயிற்சிக்கு அது தேவையாகலாம். ஆனால், காக்கக்கூடிய ஒரு பல் அந்த எண்ணிக்கைக்காகப் பிடுங்கப்படுமாயின், அது கல்வியாகாது, களவேயாகும். பிடுங்கத் தேவையில்லை என முடிவு செய்த மாணவருக்கும் மதிப்பெண் வழங்கும் ஆசிரியரே அறத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறார்.

நம் பிள்ளைகள் பல் மருத்துவராவதில் நாம் பெருமை கொள்கிறோம். பட்டம் பெற்றபின், மருத்துவமனைப் பெஞ்சில் தாடையைப் பிடித்தபடி காத்திருக்கும் ஏழைக்காக வாரத்தில் ஒரு வேளையேனும் ஒதுக்குமாறு அவர்களிடம் சொல்வோமாக! அவர்கள் கை அவரிடம் கடன்பட்டிருக்கிறது.