வளையும் அம்பு குறி தவறுமா?

'குடும்பம் என்றால் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும்' என்பார்கள் பெரியவர்கள். எப்போதும் வளைந்துகொண்டே இருந்தால் நம் நேர்மையும் மரியாதையும் என்னாவது? இந்தக் கேள்வி உங்களுக்கும் எழுந்திருக்கும். ஓர் அம்பு அதற்குப் பதில் சொல்கிறது, கேளுங்கள்!

இங்கிலாந்தின் பழைய மரவில்லில் அம்பு நட்டநடுவே அமர்வதில்லை. வில்லின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும். நாணோ வில்லின் நடுவை நோக்கித் தள்ளும். அப்படியானால் அம்பு விலகித்தானே போகவேண்டும்? போவதில்லை! புறப்படும் கணத்தில் மீனைப்போல நெளிந்து, வில்லைச் சுற்றிக் கடந்து, மெல்ல நெளிவு அடங்கிக் குறியை நோக்கிப் பாய்கிறது. அமெரிக்க விஞ்ஞானி கிளாரன்ஸ் ஹிக்மன் 1930-களில் அதிவேக கேமராவால் இதைப் படம்பிடித்தார்.

எவ்வளவு நெளியவேண்டும் என்பதில்தான் சூட்சுமம். வலக்கைக்காரர் எய்தால், விறைப்பான அம்பு இடப்பக்கம் விலகும். அதிகம் துவள்வது வலப்பக்கம் போகும். தேர்ந்த வில்லாளி அம்பைக் குறை சொல்லமாட்டார். விறைத்தால் முனையின் எடையைக் கூட்டுவார். துவண்டால் தண்டின் நீளத்தைக் குறைப்பார். அதற்கும் முன்னால், தன் வில்லின் வலு என்ன என்று பார்ப்பார். இந்த வில்லில் துவளும் அம்பு, வலு குறைந்த இன்னொரு வில்லுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

வாழ்க்கையிலும் அப்படித்தான். வளைந்தபின் நிமிர இடமிருந்தால், அது விட்டுக்கொடுத்தல். நிமிரவே இடமில்லையென்றால், அது ஒடிதல். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மனம் குமைய வேண்டாம்.

மகனோ மருமகளோ குறி தவறும்போது, 'அம்பு கோணல்' என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நம் கையில் இருக்கும் வில் எப்படிப்பட்டது? அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சகோதரி!