ஆளுக்கு எவ்வளவு?

கோடை விடுமுறை வந்துவிட்டால் தெருமுனைகளில் சிறுவர் கடைகள் முளைப்பதைக் காண்கிறோம். வேப்பமர நிழல், ஒரு பலகை, கீறிய மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள், கடை ஆயத்தம். காலையில் தோழமையோடு தொடங்கும் இவ்வணிகம், மாலையில் காசைப் பிரிக்கும்போது பூசலில் முடிவதும் உண்டு. அப்பூசலை விளையாட்டென்று ஒதுக்கலாகாது. பிள்ளைகளின் நீதியுணர்வு அங்கே கண்விழிக்கிறது.

நால்வர் கூடிக் கடை வைத்தனர் எனக் கொள்வோம். ஒருவன் தன் வீட்டு மரத்து மாங்காயைக் கொணர்ந்தான். ஒருத்தி தன் உண்டியலிலிருந்து 60 ரூபாய் தந்தாள். மற்றொருவன் நாள்முழுதும் வெயிலில் நின்று விற்றான். அவனுடைய ஏழு வயதுத் தங்கை, போவோர் வருவோரைக் கூவி அழைத்தாள். உண்டியல் காசைத் திருப்பித் தந்தபின் 120 ரூபாய் மிஞ்சுகிறது. ஆளுக்கு 30 ரூபாயா? உழைப்பிற்கேற்பவா? மாங்காய் தந்தவனுக்கு மிகுதியா?

தகுதிக்கேற்பப் பங்கிடுவதே நீதி என்பதில் எல்லாரும் ஒன்றுபடுவர். எது தகுதி என்பதிலேயே வேறுபடுவர் என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் கூறுகிறார். வேப்பமரத்தடி வழக்கும் அதுவே.

நாமோ, "சண்டை வேண்டாம், சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுகிறோம். ஓசை அடங்குகிறது, வெயிலில் நின்றவனின் மனக்குறை அடங்குவதில்லை. மாறாக, உழைப்பை மட்டும் அளந்தால் சிறுமிக்கு ஐந்து ரூபாயும் தேறாது. தன்னால் இயன்றதனைத்தையும் அவள் தந்தாளே, அது எந்தக் கணக்கில் ஏறும்?

1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13-ஆம் பிரிவில், பங்காளிகள் வேறு உடன்படிக்கை செய்துகொள்ளாதவிடத்து ஆதாயமும் நட்டமும் சமம் என்கிறது. அங்கும் உடன்படிக்கைக்கே முதலிடம். சமபங்கு என்பது பேசாது விட்டவர்க்கு உரிய வழி. எனவே பிள்ளைகளைப் பேசவிடுவோம். இரண்டு வினாக்களை மட்டும் அவர்கள்முன் வைப்போம்.

"மழை கொட்டி மாங்காய் விலைபோகாதிருந்தால் நட்டம் யாரைச் சேர்ந்திருக்கும்?" ஆதாயத்தில் பங்கு கேட்பவர் இழப்பிலும் பங்கேற்க வேண்டுமன்றோ? அடுத்து, "உன் பக்கத்தில் நிற்பவர் இன்று என்ன செய்தார்?" தன் உழைப்பைத் தானே எடுத்துரைப்பது வழக்காடல், பிறர் உழைப்பைச் சொல்வது சான்று பகர்தல். வெயிலில் நின்றவனுக்கும் கூவி அழைத்தவளுக்கும் அச்சான்று கிடைக்கட்டும்.

அதன்பின் அவர்களே பிரிக்கட்டும். ஒருவேளை ஆளுக்கு 30 ரூபாய் என்றே முடியலாம். ஆயினும் நாம் விதித்த முப்பதும் அவர்கள் மனமொத்துத் தந்த முப்பதும் ஒன்றல்ல.