கடைமடையிலிருந்து ஒரு பார்வை

தேர்தல் காலம் நெருங்கும்போதெல்லாம் நம்மை நோக்கி ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது: நீங்கள் இடதுசாரியா, வலதுசாரியா? உழைப்பவனுக்கு நியாயமான கூலி வேண்டும் என்றால் நம்மை இடப்பக்கம் நிறுத்துகிறார்கள். கருவிலுள்ள உயிரைக் காக்க வேண்டும் என்றால் வலப்பக்கம் தள்ளுகிறார்கள். ஒரே மறையுரையில் இவ்விரண்டையும் கேட்டு வீடு திரும்பும் நாம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்? இக்கேள்விக்கு விடை தேடுமுன், கேள்வியின் பிறப்பையே சற்று ஆராய்வது நலம்.

1789-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசிய மன்றம் ஒரு சிக்கலை விவாதித்தது. மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தை மன்னர் தடுக்கலாமா, கூடாதா? தடுக்கலாம் என்றோர் தலைவரின் வலப்பக்கம் அமர்ந்தனர். கூடாது என்றோர் இடப்பக்கம் அமர்ந்தனர். ஒரு மண்டபத்தின் இருக்கை வரிசை நாளடைவில் உலக அரசியலின் அளவுகோலாயிற்று. அப்பொழுது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே இந்த அளவுகோல் நம் மண்ணில் எவ்வாறு பொருந்திற்று என்று கேட்கும் உரிமை கோவில்பத்தில் வாழும் நமக்குச் சற்று அதிகமாகவே உண்டு.

சரியாகப் பொருந்தவில்லை என்பதே வரலாறு தரும் விடை. பிரிட்டிஷ் இந்தியாவில் வாக்குரிமை கனவாக இருந்த காலத்திலேயே பிரெஞ்சிந்திய ஆண்கள் வாக்களித்தனர். வாக்குரிமை இடதுசாரிகள் போராடிப் பெற்ற பேறு, சமத்துவத்தின் கருவி. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுச்சேரி அரசியலில் கோலோச்சிய சண்முக வேலாயுத முதலியார், அதே வாக்குப் பெட்டியைக் கொண்டே சாதி வழக்கங்களைக் காத்து நின்றார். பெரும்பான்மையோர் விருப்பம் என்ற பெயரில் பழைய படிநிலை புதிய வலிமை பெற்றது. மறுபுறம், 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், சாதியின் பிடியிலிருந்து விடுபட அந்நிய ஆட்சியின் சட்டத்தையே நாடினர். இவர்களில் யார் இடது, யார் வலது? பாரிஸ் நகரத்து முழக்கோல் இங்கே தடுமாறுகிறது.

இருக்கைகளைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றையும் நினைவுகூர்வோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1745-ஆம் ஆண்டில் புதுச்சேரித் தேவாலயத்தில் எழுந்த ஒரு பூசலைக் குறிப்பிடுகிறது. ஆலயத்தினுள்ளேயே சாதிக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. ஒடுக்கப்பட்டோர் குருக்களிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது, மற்றவர்கள் கொதித்தெழுந்தனர். பிரெஞ்சு மன்றத்தார் இடமும் வலமுமாகப் பிரிந்து அமர்வதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இருக்கைக்காகப் பிரிந்து நின்றனர். அவர்களுடைய கேள்வி வேறு: என் அருகில் யார் அமரலாம்?

இக்கேள்வி இன்றும் ஓய்ந்தபாடில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இனத்தார்க்குரிய உரிமைகளைச் சமய எல்லைக்குள் அடக்கியது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்னும் வெளியே நிற்கின்றனர். தில்லியில் பல நிறத்து ஆட்சிகள் வந்து போயின, கதவு திறக்கவில்லை. அரசை நோக்கி நாம் நீட்டும் விரல், பங்குக் கல்லறையில் இன்னும் தனி வரிசை காணும் இடங்களில் நம்மையே சுட்டுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இடதுசாரி மரபு நமக்குத் தந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். அந்தக் குருதியின் விளைவாகவே மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. அதுபோலவே குடும்பம், ஊர், மரபு ஆகியவற்றை அரசு விழுங்கிவிடலாகாது என்ற வலதுசாரியின் எச்சரிக்கையிலும் உண்மை உண்டு. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் சொத்துரிமையையும் நியாயக் கூலியையும் ஒரே மடலில் வலியுறுத்தினார். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இரு முகாம்களையும் கடிந்துகொண்டதோடு, திருச்சபையின் சமூகப் போதனை அவற்றிற்கிடையே அமைந்த மூன்றாம் பாதையும் அன்று எனத் தெளிவுபடுத்தினார்.

அப்படியாயின் எதைக் கொண்டு அளப்பது? விடை நம் வயல் வரப்பிலேயே கிடக்கிறது. நாம் காவிரியின் கடைமடையில் வாழ்கிறோம். அரசலாறும் திருமலைராசனாறும் நம்மைத் தொட்டபின் கடலில் சேர்கின்றன. 2007-ஆம் ஆண்டு நடுவர் மன்றம் புதுச்சேரிப் பகுதிக்கென ஒதுக்கிய நீர் 7 டி.எம்.சி.; 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றவில்லை. ஏட்டில் எழுதிய நீர் வாய்க்காலில் வந்ததா என்பதே உழவனின் கேள்வி. தலைமடையில் இருப்பவன் கட்சி எதுவாயினும் அவனுக்கு முதலில் பாய்கிறது. கடைமடைக்கு நீர் எட்டிற்று என்றால் இடையிலுள்ள எல்லா வயலுக்கும் எட்டிற்று என்பது பொருள். ஓர் ஆட்சியின் நேர்மைக்கு இதனினும் எளிய சோதனை உண்டோ?

இந்த அளவுகோல் பிறரை மட்டும் அளப்பதன்று என்பதில்தான் அதன் கூர்மை இருக்கிறது. குடகிலிருந்து பார்த்தால் காரைக்கால் உழவர் கடைமடை. அவருடைய வயலில் நாற்று நடும் பெண் கூலியாளிடமிருந்து பார்த்தால் அவரே தலைமடை. விசைப்படகு உரிமையாளர், அரசின் கவனத்தில் கடைசியில் நிற்கலாம். கட்டுமரத்து மீனவரின் முன் அவரே மடையை அடைத்து நிற்பவர். இடது, வலது என்ற பெயர்களை நாம் விரும்பித் தேர்ந்து பெருமையுடன் சூடிக்கொள்ளலாம். தலைமடை என்ற பெயரையோ நமக்குக் கீழே நிற்பவர்தாம் நமக்கு இடுகிறார்.

பக்கம் சாராமல் நழுவுவதற்கு இது ஒரு சாக்கு ஆகிவிடாதா எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது, கடைமடையில் நிற்பவனோடு நிற்பதும் ஒரு பக்கம் சாய்வதே. ஆனால் நீரைக் கடைசி வயல்வரை கொண்டு சேர்க்கும் வழி அரசின் கட்டளையா, பாசனத்தாரின் கூட்டு முயற்சியா, விலையும் சந்தையுமா என்பதில் நல்லெண்ணம் கொண்டோரும் வேறுபடுவர். அந்த விவாதத்தில் இடமும் வலமும் தத்தம் வாதங்களோடு அமரட்டும். வழியைப் பற்றிய பேச்சில் அவற்றுக்கு இடமுண்டு. இலக்கை முடிவு செய்யும் உரிமையை மட்டும் அவற்றிடம் ஒப்படைக்கலாகாது.

தூய மத்தேயு தீட்டிய இறுதித் தீர்ப்புக் காட்சியிலும் வலமும் இடமும் உண்டு. அங்கே யாரும் தம் பக்கத்தைத் தாமே தேர்ந்து அமர்வதில்லை. பசித்தவர்க்கு உணவும் தாகமுற்றோர்க்கு நீரும் அளித்தவரா என்று பார்த்தபின்பே பக்கம் குறிக்கப்படுகிறது. வாக்குச் சாவடிக்குச் செல்லுமுன் வேட்பாளரின் கொடி நிறத்தைக் கேட்பதோடு இதையும் கேட்போம்: இவர் பேசும் திட்டத்தின் பயன் நம் ஊரின் கடைசித் தெருவுக்கு எப்பொழுது போய்ச் சேரும்? அங்கு வாழ்வோரிடமே சென்று கேட்டறிந்தால் இன்னும் நன்று.